மூன்றாவது கயிறு

எங்கள் அன்பு இன்ஸ்பெக்டருக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம்தான். இந்தச் சொல்லைப் பார்த்ததும் நீ கண்ணைச் சுருக்குவாய் என்று தெரியும், ஆனாலும் அதை முதலில் எழுதாமல் எனக்குக் கை ஓடாது. நீயும் அங்கே பாலத்து வேலையில், காற்றிலும் குளிரிலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். பார்சலைப் பிரித்ததும் பயந்துவிடாதே, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்திருப்பது ஒரு ஹார்ட் டிஸ்க். அதைக் கீழே போட்டுவிடாமல் வெயில் படாத ஓர் இழுப்பறையில் வை, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை எதிலும் சொருகாதே. தினமும் போனில் பேசுகிறவள் இதற்கெதற்கு நாலு தாள் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அது ஒன்று. இன்னொன்று, பாதியில் உன் குரல் மாறினால் நான் பேச்சை அப்படியே வானிலைக்குத் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தாளுக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த டிஸ்கில் இருப்பது அப்பாவின் பேச்சு. பக்கவாதம் வந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை சொன்னபடி, சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து நான் எடுத்த வீடியோக்கள். இன்றைய தேதிக்கு அறுபத்தொன்று. எல்லாவற்றிலும் ஒரே பாடம்தான், ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும், பன்னிரண்டு படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும், கடைசியாக மனதில் தோன்றும் ஒன்றைத் தானாகச் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியையின் மையத்தில் ஒருவருக்கு இத்தனை மாதம்தான் பயிற்சி என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மூன்று பேர் உட்கார்ந்து பழைய பதிவையும் புதிய பதிவையும் போட்டுப் பார்ப்பார்கள். முன்னேற்றம் தெரிந்தால் இன்னொரு வருடம் கொடுப்பார்கள், தெரியாவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். ஆசிரியை என்னிடம் தெளிவாகவே சொன்னார், "என் குறிப்பு மட்டும் பத்தாதும்மா, மொத நாள்ல இருந்து அவங்க காதால கேக்கணும், அப்பதான் இவர் எங்கேருந்து எங்க வந்திருக்கார்னு புரியும்" என்று. அடுத்த மாதம் நான்காம் தேதி அந்த மூவரும் கூடுகிறார்கள். அதற்கு ஒரு மாதம் கூட இல்லாத நேரத்தில், மூன்று வாரத்துக்கு முன், அதுவரை எடுத்த ஐம்பத்தெட்டையும் நான் ஒரேயடியாக இழக்கப் பார்த்தேன். அதுவும் என் ஒழுங்கால்.

நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில்தான் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன். என் போனில் இடம் கிடையாது, அதனால் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் இருப்பதை அழித்துவிடுவேன். மாற்றி வைப்பதையே பத்திரப்படுத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார். இரண்டு மாதத்துக்கு முன் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அது முனக ஆரம்பித்தது. எங்கே இடம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தபோது, டிஸ்கை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஒரு படம் வந்தது. முதல் இரண்டுக்கும் பெயர் இருந்தது. கடைசிக் கட்டத்துக்குப் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை, ஆனால் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உனக்குத்தான் தெரியுமே, தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது, லேபிள் இல்லாத பாட்டிலில் இருப்பது சாம்பிள் அல்ல, வெறும் தண்ணீர், கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவு என்பதுதான். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன், ஃபிரிட்ஜில் பெயரும் தேதியும் இல்லாத டப்பா ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போகும் என்று சட்டம் போட்டேன், நீ பத்து வயதில் லேபிள் அடிக்கும் மிஷின் வாங்கச் சொல்லி அடம்பிடித்து வீட்டில் நாற்காலி முதல் அப்பாவின் முதுகு வரை ஒட்டினாய், அவர் உனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார். அந்தச் சட்டப்படி நான் பெயரில்லாத கட்டத்தையும் கொட்டிவிட்டேன். சாதாரணமாகச் சொன்னால் அது அழிய மறுத்தது. நானோ விடாமல், ஒருவர் கறுப்புத் திரையில் ஏதோ கட்டளை அடித்துக் காட்டும் வீடியோவைப் பார்த்து அப்படியே அடித்தேன். ஒரு பொருள் என்னை அழிக்காதே என்று இரண்டு முறை சொல்லியும் கேட்காமல் அழித்தவள் நான். இடம் கிடைத்தது என்று அன்று பெருமையாகக் கூட இருந்தது.

லேப்டாப் என்றாவது படுத்துவிட்டால் அதை மறுபடி எழுப்புவதற்கு வேண்டியதையெல்லாம், செய்தவர்களே ஒரு மூலையில் மூட்டை கட்டி வைத்திருப்பார்களாம். ரெக்கவரி பார்ட்டிஷன் என்று பெயர், ஆனால் யாரும் தொடக்கூடாது என்று பெயரில்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்தது, மூன்று வாரத்துக்கு முன் நான் கூடத்தை வேக்குவம் கிளீனர் போட்டுப் பெருக்கும்போது அதன் வயர் லேப்டாப்பின் வயரைச் சுருட்டி இழுத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். பேட்டரி செத்து வருடமாகிறது, அப்போது பார்த்து அது அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டால் நீலத் திரை, சரிசெய்ய முயல்கிறேன் என்கிறது, முடியவில்லை என்கிறது, அணைந்து மறுபடி அதே நீலம், செக்குமாடு மாதிரி. லேப்டாப்பின் அடியில் நீ ஒட்டிவிட்டுப் போன லேபிள் ஞாபகம் வந்தது, திருப்பிப் பார்த்தேன். "அம்மா, கெட்டுப்போனால் பதறாதே. ஆன் செய்யும்போது எஃப் பதினொன்றை அழுத்து, அதுவே சரியாகும்." அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. பத்துப் பதினைந்து தடவை அழுத்திய பிறகு, நீ எனக்காக எந்த வழியை வைத்துவிட்டுப் போனாயோ அந்த வழியைத்தான் நான் இரண்டு மாதத்துக்கு முன் துடைத்துப் போட்டேன் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. வேக்குவம் கிளீனர் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, அதை அணைக்கக் கூட எனக்குத் தோன்றவில்லை, அப்பாதான் நொண்டி நொண்டி வந்து அணைத்தார்.

அவரிடம் என்ன சொல்வது. அவருடைய ஐம்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் இருக்கின்றன. லேப்டாப் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது என்றேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்தார், திரையைப் பார்க்கவே இல்லை. மறுநாள் உன் சித்தி வந்தாள். அவளுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஏது, எங்கிருந்தோ ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து சொருகினாள், "இதுக்கா அழுத, எல்லாத்தையும் அழிச்சிட்டு ரீசெட் போட்டா பளபளன்னு புதுசா வந்துரும், நகருக்கா" என்றாள். அழித்துவிட்டு என்ற சொல் என் காதில் விழுந்து நான் வாயைத் திறப்பதற்குள், அப்பா இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினார். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், எண்ணிக்கையில் அவருக்கு ஏழு மட்டும் இன்னும் வாயில் வரவில்லை. வரிசையாக எண்ணினால் ஆறிலிருந்து எட்டுக்குத் தாண்டிவிடுவார், தாண்டியது அவருக்கே தெரியாது. ஏழு என்று எழுதிய அட்டையைத் தனியாகக் காட்டினால் மட்டும், சொல்ல வராது என்பதற்கு அடையாளமாக மேசையில் ஒரு தட்டு தட்டுவார். சித்திக்கும் இது தெரியும், அதனால் அவள் திரும்பி, "என்ன மாமா, ஏழா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டி, லேப்டாப்பை மூடி, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, "வே...ணாம்" என்றார். அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சித்தி பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லதுக்குச் சொன்னா தட்டறாரு" என்று முணுமுணுத்தாள், ஆனால் போகும்போது அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனாள்.

பழைய ஏழு மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் லேப்டாப் சரிசெய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள், நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வருகிறவர்களைப் பார்க்காமல் மிஷினோடு மட்டும் பேசுகிறவள். அங்கே கொண்டுபோனேன். பேர் எழுத வேண்டும் என்று கேட்டாள், அப்பா பெயரைச் சொன்னதும் தலைநிமிர்ந்து, "யாரு, நம்ம லிஃப்ட்காரரா?" என்றாள். அந்தக் கட்டடத்து லிஃப்டை அப்பா பதினோரு வருடம் பழுதுபார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருமுறை அவள் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாளாம். கயிறு அறுந்துவிடும் என்று அழுதிருக்கிறாள். அப்பா கதவிடுக்கில் வாயை வைத்து ஐம்பது நிமிடம் ஓயாமல் பேசியிருக்கிறார். "அம்மா, இதுக்கு ஒரு கயிறு இல்ல, அஞ்சு கயிறு. உங்களத் தாங்க ஒண்ணே போதும், மத்த நாலும் சும்மா துணைக்கு வந்திருக்கு, அதுங்களுக்கும் பொழுது போகணும்ல" என்றாராம். அவள் அழுகையோடு சிரித்தாளாம். "இப்பவும் அப்படியேதான் பேசுறாரா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவள் டிஸ்கைக் கழற்றித் தன் மிஷினில் மாட்டினாள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே இருப்பதும் இருக்கும், ஆனால் பூட்டியிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்கம் கொண்ட ஒரு சாவி எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, லேப்டாப் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களிடம்தான் இருக்கும் என்றாள். அதாவது உன்னிடம். "பொண்ணுக்கு ஒரு போன் போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது சரிதான்.

நான் அதற்காக உனக்குப் போன் செய்யவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். டிஸ்கைத் திரும்ப லேப்டாப்பில் மாட்டி, அதை எழுப்ப ஒரு பென் டிரைவும், நகலெடுக்கப் புது ஹார்ட் டிஸ்கும் கொடுத்தாள், "நம்பர் கெடச்சா போடுங்க, தொறந்துச்சுன்னா மொதல்ல காப்பி, அப்புறந்தான் வைத்தியம், வேற எதையும் தொடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னாள், என்னைப் பற்றி யாரோ சொல்லி வைத்தது போல. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுதும் லேபிள் அடித்துக்கொண்டே இருந்தாய், நீ சாவி எண்ணை ஒட்டாமல் போயிருக்க மாட்டாய். மூன்று நாள் தேடினேன், அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில், மீட்டர் பெட்டியில். கடைசியில் அது தினமும் என் மூக்குக்கு எதிரேயே இருந்தது, சமையலறை மேல் அலமாரிக் கதவின் உட்புறத்தில், மருத்துவமனை எண்ணுக்கும் குழாய் ரிப்பேர்காரர் எண்ணுக்கும் கீழே, தலைப்பே இல்லாமல் வெறும் இலக்கங்களாக நீளமான ஒரு பட்டை. போன முறை அலமாரி துடைத்தபோது, இது என்ன, பெயரில்லையே என்று அதன் முனையை நகத்தால் கிளப்ப ஆரம்பித்திருக்கிறேன். பால் பொங்கியதோ என்னவோ, பாதியில் விட்டுவிட்டேன். பட்டை இருந்தது, கடைசி இலக்கம் இல்லை.

அந்தக் கதவு ஜன்னல் பக்கம் திறக்கும், மேசையில் உட்கார்ந்தால் எழுத்து தெரியாது. எழுந்து எழுந்து பார்த்து அடித்ததில் இரண்டு முறை வரிசை தப்பியது. அப்போது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அலமாரிக்கு முன்னால் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீ அடி என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஞாயிறு காலை, பயிற்சி நேரம். ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று என்பதற்கு மட்டும் நாக்கைத் தேடுவார், நான் காத்திருப்பேன். ஏழு வந்தால் அலமாரிக் கதவில் ஒரு தட்டு. நாற்பத்தேழு இலக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது, அவர் சட்டை முதுகில் நனைந்துவிட்டது, உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. கடைசி இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒன்றுதானே, நீங்கள் வரிசையாகச் சொல்லுங்கள், நான் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். சொன்னார், போட்டேன். தவறு என்றது. அடுத்தது, தவறு. ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. எல்லாம் தவறு. முடிந்தது. நடுவில் வேறு எங்கோ தப்பாக அடித்திருக்கிறோம், இல்லையென்றால் இது சாவி எண்ணே இல்லை, வேறு எதற்கோ ஒட்டியது என்று நினைத்துக்கொண்டேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவர் முன்னால் அழக்கூடாது என்று பதினான்கு மாதமாகக் காப்பாற்றியதை அன்று விட்டுவிட்டேன். பிறகு அலமாரிக் கதவில் ஒரு தட்டு கேட்டது. நான் நிமிரவில்லை. மறுபடி ஒரு தட்டு. நிமிர்ந்து பார்த்தால் அவர் சிரிக்கிறார், அந்தக் கோணல் சிரிப்பு. ஏழைத் தாண்டிவிட்டார், தாண்டியதை முதல்முறையாக அவரே கண்டுபிடித்துவிட்டார். நானும் பத்து எண்களில் ஒன்பதுதான் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்காமல் அழுதிருக்கிறேன், பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம். ஏழைப் போட்டேன். திறந்தது.

எதையும் தொடாமல் நகல் மட்டும் எடுத்தேன், மதியம் தாண்டி நாலு மணி நேரம் ஓடியது, வேக்குவம் கிளீனரை அன்று பரணில் ஏற்றிவிட்டேன். ஐம்பத்தெட்டில் இரண்டு திறக்கவில்லை, முப்பத்தெட்டாவதும் முப்பத்தொன்பதாவதும், அப்டேட்டின் நடுவில் பிளக்கைப் பிடுங்கியதில் போயிருக்கும் என்கிறாள் அந்தக் கடைக்காரப் பெண். அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு குறைவதால் அந்த மூவரும் ஏதாவது சொல்வார்களோ, அந்த இரண்டு வாரத்தில்தான் அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பாரோ என்று. ஆசிரியை பரவாயில்லை என்கிறார், அவர் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்பவர். பிறகு அந்தப் பெண் லேப்டாப்பைப் புதிதாக எழுப்பி, மறுபடி படுத்தால் எழுப்ப ஒரு ரெக்கவரி பென் டிரைவ் செய்து கொடுத்து, மொத்த லேப்டாப்பையும் இன்று இருக்கிறபடியே ஒரு டிஸ்கில் படி எடுத்தும் கொடுத்தாள். முக்கியமானது எதுவும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும், வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் தீப்பிடித்தாலும் அது தப்பும் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சோதனைக்கூடத்தில் எந்தச் சாம்பிள் வந்தாலும் பாதியைத் தனியாக எடுத்து, வேறு கட்டடத்து ஃபிரிட்ஜில் முப்பது நாள் வைத்த பிறகுதான் மீதியைத் தொடுவோம். ஊர்த் தண்ணீருக்கு இருபது வருடமாகச் செய்வதை உன் அப்பாவுக்குச் செய்யவில்லை. இணையத்திலும் ஏற்றச் சொன்னாள், ஏற்றிக்கொண்டிருக்கிறேன், பதினொரு நாளாகிறது, இன்னும் கால்வாசி கூட ஏறவில்லை. அதனால்தான் இந்தப் பார்சல்.

இப்போது ஏன் உனக்குப் போன் செய்யவில்லை என்பதற்கு வருகிறேன். சாவி எண் கேட்டால் எதற்கென்று கேட்பாய், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பாய். முதல் மூன்று மாதம் நீ எப்போது போன் செய்தாலும் அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன் இல்லையா, கொஞ்சம் களைப்பு, குரல் கம்மியிருக்கிறது, லேசாக வந்ததுதான் என்றேன். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய். அவர் தூங்கவில்லை, பெரும்பாலும் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த மாதங்களில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, ஸ்பேனர். தண்ணீர் வேண்டும் என்றாலும் ஸ்பேனர், வலிக்கிறது என்றாலும் ஸ்பேனர், என்னைக் கூப்பிடுவதும் அதுதான். முதல் வீடியோவில் பன்னிரண்டு படத்தில் கடைசிப் படமாக உன் போட்டோவை வைத்தேன். அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, ஸ்பேனர் என்றார். தான் சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்தை மூடிக்கொண்டார். நான் போனை அணைக்க மறந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அதுவும் பதிவாகியிருக்கிறது. ஐந்தாம் மாதம் நீ லீவில் வந்தபோது பத்து இருபது சொல் வந்திருந்தது, நீ அதையே பார்த்துக் கலங்கினாய், இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இந்த மூன்று வாரத்தில் யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கும் நகல் இல்லாமல். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது யாருக்கும் இல்லாமல் போயிருக்கும். கோபம் வந்தால் கோபித்துக்கொள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவரிடம் காட்டாதே.

பார்சல் கட்டும்போது லேபிள் மிஷினைத் தேடினேன், டேப் தீர்ந்திருந்தது. அப்பா ஒரு காகிதத் துண்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். வலது கைக்கு இன்னும் பேனா நிற்பதில்லை, இடது கையால் எழுதினார், ஆறு எழுத்துக்குப் பத்து நிமிடம். டிஸ்கின் முதுகில் கோணல் மாணலாக ஒட்டியிருப்பது அதுதான், என்னவென்று விளங்காமல் கிழித்துவிடாதே. கயிறு மூன்று என்று எழுதியிருக்கிறார். லேப்டாப்பில் இருப்பது ஒன்று, சித்தி வீட்டில் கொடுத்திருப்பது இரண்டு. கடைக்காரப் பெண் சொன்ன லிஃப்ட் கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன், அப்போது கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

வைத்துப் பூட்டினால் மட்டும் போதாதாம், திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை என்கிறாள் அந்தக் கடைக்காரப் பெண், மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலைப் போட்டு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதை நீ செய். ஆனால் கடைசியிலிருந்து தொடங்கு, இது என் வேண்டுகோள். அறுபத்தொன்றாவதில் அவர் உன் போட்டோவைப் பார்த்து இன்ஸ்பெக் என்பது வரை வந்துவிடுகிறார், கடைசியில் தானாகச் சொல்ல வேண்டிய இடத்தில், "பொண்ணு... பாலம்... காத்து" என்கிறார், நீ உயரத்தில் நிற்பதைப் பற்றி அவருக்கு இருக்கும் கவலை அவ்வளவும் அதில் இருக்கிறது, இடுப்புப் பட்டையை மாட்டாமல் ஏறாதே. மாதம் ஒன்றாகப் பின்னோக்கி வா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், முதல் பதிவுக்கு நீ வந்து சேர ஐந்து வருடம் ஆகும். நான்காம் தேதி அந்த மூன்று பேர் என்ன சொல்வார்களோ, இன்னொரு தடவை அவருக்கு வந்துவிடுமோ, எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் நீ அந்த ஸ்பேனருக்கு வரும் நாளில் அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அன்னைக்கு உன்னப் பாத்து நான் என்ன சொன்னேன் தெரியுமா என்று அவர் வாயாலேயே சொல்லிச் சிரிக்க வேண்டும். எனக்கு அந்த ஐந்து வருடம் வேண்டும். அதற்கு முன்னால் முதல் பதிவைத் தனியாகத் திறந்துவிடாதே, கண்ணு.

காற்றும் குளிரும் உன்னைத் தொடாமல் இருக்கட்டும், நீ நிற்கிற பலகை எப்போதும் உறுதியாக இருக்கட்டும், எங்கள் இருவர் ஆயுளில் நல்லதெல்லாம் உனக்கு வந்து சேரட்டும். டிஸ்க் வந்து சேர்ந்ததும், என்ன நேரமாக இருந்தாலும், ஒரு வரி போடு, அதுவரை நான் தபால்காரரைத் தொந்தரவு செய்துகொண்டே இருப்பேன். காலுறையைப் போட்டுக்கொள், அது அப்பாவுடையது. ஞாயிறு போன் செய்யும்போது என்னிடம் பேசி முடித்துவிட்டு வைத்துவிடாதே, அப்பாவிடம் கொடுக்கச் சொல், அவர் சொல்லைத் தேடும் நேரத்தில் நீ எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. இனிமேல் அவர் தூங்குகிறார் என்று நான் சொன்னால், உண்மையிலேயே தூங்குகிறார் என்று அர்த்தம்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா
(பக்கத்தில் இருக்கும் கோணல் கோடு அப்பாவின் கையெழுத்து)